எலி கடித்த சிப்பாய்

முருகையாவை ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பித்தாய்க்காரர்கள் பிடித்துக்கொண்டு போனது ஒரு தகர டப்பாவுக்காக.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. செமிலிங்குக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுவது நின்றுபோய், மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டிருந்தார்கள். முருகையா தோட்டத்து லாரிக்காரன். பெட்ரோல் இல்லாத காலம்; கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓடும் லாரி. அன்று காலை அவன் அடுப்பில் கரியைக் கொட்டிக்கொண்டிருந்தபோது நான்கு சிப்பாய்கள் கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களோடு தலையில் சாக்குப் பையைக் கவிழ்த்துக்கொண்ட ஒருவன் வந்தான். பையில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். அவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. முருகையாவைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தான். பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பரஞ்சோதியைப் பார்த்து இன்னொரு முறை அசைத்தான். அவ்வளவுதான்.

வீட்டைப் புரட்டிப் போட்டு, கூரை இடுக்கிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார்கள். உள்ளே சீனச் சதுரங்கக் காய்கள். முருகையாவின் மனைவி குணவதி அடுப்பங்கரை மூலையில் சுவரோடு ஒட்டி நின்றாள். டப்பாவைக் கண்டதும் அவள் முகம் வெளுத்ததை அவன் பார்த்தான். தன்னைப் பிடித்துவிட்டார்களே என்ற பயம் என்றுதான் நினைத்துக்கொண்டான்.

அந்தக் காய்கள் சோங் கொடுத்தவை. ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையில் வேலை பார்த்த சீனன் சோங். சண்டைக்கு முன்பு, லாரியில் ஷீட்டு ஏறும்வரை முருகையாவுக்கு மத்தியானத்தில் ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் சோங் அவனுக்கு ஓர் ஆட்டம் கற்றுக்கொடுத்தான். முழுப் பலகை வேண்டாம், பாதி போதும். முப்பத்திரண்டு கட்டங்கள், முப்பத்திரண்டு காய்கள். எல்லாவற்றையும் கலக்கிக் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். எது எங்கே கிடக்கிறதென்று இருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு முறை ஒன்றைத் திருப்பலாம், அல்லது திருப்பிய காயை ஒரு கட்டம் நகர்த்தலாம். முதலில் திருப்பியது சிவப்பாக வந்தால் நீ சிவப்பு, கறுப்பாக வந்தால் நீ கறுப்பு. பெரியது சிறியதைத் தின்னும். ராசா, மந்திரி, யானை, தேர், குதிரை, பீரங்கி, சிப்பாய் என்று வரிசை. பீரங்கி மட்டும் இன்னொரு காயைத் தாண்டிக் குதித்து யாரையும் அடிக்கும். ராசாவால் சிப்பாயைத் தின்ன முடியாது. சிப்பாய் ராசாவைத் தின்றுவிடும். சீன எழுத்து தெரியாத முருகையா, காய்களின் முகங்களைப் படம்போல மனத்தில் வைத்துக்கொண்டான். பரஞ்சோதியும் அதே கொட்டகையில் விறகு தள்ளுகிறவன். பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டான். இருவரில் ஒருவர் வராத நாளில் அவன் உட்காருவான்.

ஜப்பான்காரன் வந்த முதல் மாதத்திலேயே சோங்கைச் சுங்கைப் பட்டாணியில் வரிசையில் நிறுத்தி வெட்டிப் போட்டார்கள். ஜப்பானோடு சண்டையிட்ட சீனாவுக்கான நிவாரண நிதிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தானாம். அதன்பிறகு முருகையா அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை.

சுங்கைப் பட்டாணியில் ஒரு மாடிக் கடைவீட்டைப் பிடித்துக் கெம்பித்தாய்க்காரர்கள் விசாரணைக் கூடமாக்கியிருந்தார்கள். கீழே கடை இருந்த இடத்தில் கூண்டுகள். மேலே விசாரணை. முதல் நாள் முருகையாவை ஒன்றும் கேட்காமலே அடித்தார்கள். இரண்டாம் நாள் மல்லாக்கக் கட்டிப்போட்டு, முகத்தில் துணியைப் போட்டு, தண்ணீர் ஊற்றினார்கள். வயிறு பானையாக ஊதியதும் ஒரு சிப்பாய் அதன்மேல் பூட்ஸோடு ஏறி நின்றான். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ரத்தத்தோடு பீறிட்டது. மூன்றாம் நாள் இடது கையின் நகங்களைக் குறடால் பிடுங்கினார்கள். ஒவ்வொரு நகத்துக்கும் ஒரே கேள்வி. டப்பாவில் முப்பத்தோரு காய்கள்தான் இருக்கின்றன, ஒன்று எங்கே?

முருகையாவுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாது, தெரியாது என்று தமிழிலும் மலாயிலும் கத்தினான். பக்கத்து அறையில் பரஞ்சோதி கத்துவதும் கேட்டது. தெரியாததைக் கேட்டு அடிக்கும்போது, உடம்பு வலித்தாலும் மனசுக்கு வேலையில்லை. அவன் கத்துவதோடு சரி.

நான்காம் நாள் சார்ஜண்ட் வந்தான். ஒல்லியான ஆள், பல் குத்தும் குச்சியை எப்போதும் வாயில் வைத்திருப்பான். அவன் பேச்சை மலாயில் சொல்ல ஒருவன் கூட நின்றான். சீன முகம், ஜப்பான் உடுப்பு. ஜப்பான் ஆட்சியிலிருந்த பார்மோசாத் தீவுக்காரன் என்று கூண்டில் பேசிக்கொண்டார்கள். சார்ஜண்ட் மேசைமேல் ஒரு காயை வைத்தான். புக்கிட் செலம்பாவ் சாலையில் ஜப்பான் லாரியை மறித்து இரண்டு சிப்பாய்களைச் சுட்டுக் கொன்ற காட்டுப் போராளிகளில் ஒருவனை ஆற்றோரம் மடக்கிக் கொன்றார்களாம். செத்தவன் சட்டைப்பையில் அரிசியும் இந்தக் காயும் இருந்தனவாம். செத்தவன் பெயரையும் சொன்னான். சோங்கின் தம்பி.

முருகையா காயைப் பார்த்தான். கறுப்புச் சிப்பாய். அதன் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு கடி. கொட்டகையில் எலி கடித்தது. கவிழ்த்து வைத்தாலும் அந்தக் கடி தெரியும் என்பதால், சோங்கும் அவனும் ஆடும்போது அதைத் தெரியாததுபோலவே நடந்துகொள்வார்கள். அது அவர்களுக்குள் ஒரு மரியாதை.

அடுத்த கணம் குணவதியின் முகம் அவன் கண்முன் வந்தது. அன்று காலை வெளுத்த முகம். டப்பா இருக்கும் இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். காட்டோரத்து மரவள்ளிக் கொல்லைக்கு நாள் தவறாமல் போகிறவள் அவள்தான். வீட்டில் அரிசி சீக்கிரம் தீர்ந்துபோகிறதென்று இரண்டு மாதமாக அவன்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

அதுவரை மறைக்க ஒன்றுமில்லாமல் அடி வாங்கியவனுக்கு, இப்போது மறைக்க ஒன்று வந்துவிட்டது. இந்த மாதிரிக் காய் எல்லாச் சீனக் கடையிலும் விற்கும், துவான்; என் டப்பாவை ஒரு வருஷமாக எண்ணிப் பார்க்கவில்லை என்று சொன்னான். இரண்டாவது பாதி உண்மை.

சார்ஜண்ட் அவனை நம்பவில்லை. பார்மோசாக்காரன் ஏதோ சொன்னான். சார்ஜண்ட் குச்சியைக் கடித்தபடி தலையாட்டினான். மேசையைத் துடைத்துச் சுண்ணாம்பால் கட்டம் போட்டார்கள். டப்பாக் காய்களோடு செத்தவன் காயையும் சேர்த்துக் கலக்கி, கவிழ்த்துப் பரப்பினான் பார்மோசாக்காரன். தங்கள் ஊரில் இது குழந்தைகூட ஆடும் ஆட்டம் என்றான். முருகையாவும் தானும் ஆடப்போவதாகச் சொன்னான். மெதுவான குரல், கோபமே இல்லை.

முருகையாவுக்குச் சூழ்ச்சி விளங்கியது. பழைய செட்டை வைத்திருப்பவன் சில காய்களை முதுகைப் பார்த்தே அறிவான். தன் கண் எந்தக் காயின்மேல் நிற்கிறதென்று பார்க்கத்தான் இவன் ஆடுகிறான்.

பலகையின் வலது ஓரத்தில் கிடந்தது எலி கடித்த சிப்பாய். பார்க்கவும் கூடாது, பார்க்காமல் ஒதுக்கவும் கூடாது. வலது கையால் ஆடினான். இடது கையைக் கட்டிய துணியிலிருந்து ரத்தம் மேசையில் சொட்டியது. காவலுக்கு நின்ற ஒரு சிப்பாய் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தான். முதல் காய் கறுப்பு யானையாக வந்தது. எனவே முருகையா கறுப்பு, எதிராளி சிவப்பு. ஆட்டம் நகர்ந்தது. கறுப்பு மந்திரி ஒன்று போயிற்று. சிவப்புத் தேர் இரண்டும் போயின. அறையில் சார்ஜண்ட் நடக்கும் சத்தம் மட்டும்தான்.

கடைசியில் கவிழ்ந்தபடி மூன்று காய்கள் மிஞ்சின. வெளியே வந்தவற்றை எண்ணினால் மிச்சம் என்னவென்று யாருக்கும் தெரியும்: ஒரு சிவப்புக் குதிரை, ஒரு சிவப்புச் சிப்பாய், ஒரு கறுப்புச் சிப்பாய். பார்மோசாக்காரன் தன் சிவப்பு ராசாவை நகர்த்தி, எலி கடித்த காய்க்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினான். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு முருகையாவின் முகத்தைப் பார்த்தான்.

அதைத் திருப்பினால் ராசா ஓட வேண்டும், ஆட்டம் கைக்கு வந்துவிடும். திருப்பினால் குணவதி செத்தாள். தெரியாதவன் எதைத் திருப்புவான் என்று யோசித்தான் முருகையா. தன் யானைக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் திருப்புவான். சிவப்பாக வந்தால் அடுத்து அதைத் தின்னலாம் அல்லவா. யானைக்குப் பக்கத்துக் காயைத் திருப்பினான். சிவப்புக் குதிரை. அதற்குள் ராசா நகர்ந்து அவன் தேரைத் தின்றது. நான்கு நகர்த்தலில் முருகையா தோற்றான்.

பார்மோசாக்காரன் விரலை நீட்டி, கவிழ்ந்து கிடந்த எலி கடித்த காயைத் தானே புரட்டினான். கறுப்புச் சிப்பாய். முருகையா நாக்கைச் சப்புக்கொட்டி, அடடா என்பதுபோல் தலையில் கைவைத்தான். வாழ்நாளில் அவன் நடித்தது அந்த ஒரு தடவைதான். பார்மோசாக்காரன் வெகுநேரம் அவனைப் பார்த்துவிட்டு, சார்ஜண்டிடம் இரண்டு வார்த்தை சொன்னான். சார்ஜண்ட் வந்த கோபத்துக்கு முழங்கையால் முருகையாவின் காதோடு ஒன்று வைத்தான். அந்தக் காது அதன்பிறகு கேட்கவே இல்லை. அவனை மூலையில் தூணோடு கட்டிவிட்டு, பரஞ்சோதியை இழுத்துவரச் சொன்னார்கள்.

பரஞ்சோதியை இரண்டு பேர் தூக்கி வந்து நாற்காலியில் வைத்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. முன்பற்கள் இல்லை. அவனிடம் செத்தவனைப் பற்றியோ காயைப் பற்றியோ யாரும் சொல்லவில்லை. கலக்கிப் பரப்பிய காய்களைக் கண்டதும் அவன் வீங்கிய முகம் கொஞ்சம் இளகியது. ஆட்டம் ஆடச் சொல்கிறார்கள், தண்ணீர் ஊற்றப்போவதில்லை. அந்த நிம்மதி.

முருகையா தூணில் கட்டுண்டபடி பார்த்துக்கொண்டிருந்தான். பரஞ்சோதியின் விரல் காய்களின்மேல் அலைந்தது. அவன் பழக்கம் முருகையாவுக்குத் தெரியும். சோங்கை எரிச்சல்படுத்த எலி கடித்த காயைத் தேடிப்பிடித்து முதலில் அதைத்தான் திருப்புவான். இருமினால் தெரிந்துவிடும், கண்ணசைத்தால் தெரிந்துவிடும். மறைக்க ஒன்றுமில்லாதவன் கை நேராக அந்தக் காய்க்குப் போய், பிறையைத் தடவி, புரட்டியது.

"எலி கடிச்சது," என்றான் பரஞ்சோதி. பொக்கை வாயால் சிரிக்கப் பார்த்தான். "இன்னும் இருக்கா இது? நம்ம காய்தானேண்ணே?"

சார்ஜண்டுக்குத் தமிழ் புரியாது. ஆனால் அந்த விரல் போன போக்கு புரிந்தது. பார்மோசாக்காரன் முருகையாவிடம் திரும்பி, இவன் இந்தக் காயை அறிந்திருக்கிறான், உன் காயா இது, இந்தக் கடி உனக்குத் தெரியுமா என்று மலாயில் கேட்டான்.

பரஞ்சோதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு சொல் போதும் என்ற நம்பிக்கையோடு.

"எனக்குத் தெரியாது, துவான்," என்றான் முருகையா. "நான் காயோட முதுகைப் பார்த்து ஆடுறவன் இல்ல. என் வீட்டுக்கு இவன் வரப்போக இருப்பான்."

கடைசி வாக்கியத்தை யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்றே தெரிந்தது.

பரஞ்சோதி வாயைத் திறந்தான். அதற்குள் சார்ஜண்ட் அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. காய்கள் சிதறித் தரையெல்லாம் உருண்டன. மூக்கு உடைந்து, பரஞ்சோதி மேசைமேலேயே மூச்சுக்குத் திணறினான். சார்ஜண்ட் நிறுத்தவில்லை. பிறகு அவனை அடுத்த அறைக்கு இழுத்துப் போனார்கள். அன்று முழுக்கவும் மறுநாளும் அவன் சத்தம் கேட்டது. தண்ணீர், இரும்பு, மறுபடி தண்ணீர். மூன்றாம் நாள் சத்தம் நின்றது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லிவிட்டானாம். காயைத் திருடியது நான், காட்டுக்காரனுக்குக் கொடுத்தது நான், அரிசி கொடுத்ததும் நான்.

தோட்டத்து ஜப்பான் மேலாள் மரவள்ளி அழுகுகிறது, லாரிக்காரனை அனுப்புங்கள் என்று இரண்டு முறை ஆள் விட்டிருந்தான். சார்ஜண்டுக்கு ஒரு தலை போதும். பத்தாம் நாள் முருகையாவை விட்டார்கள். விட்ட கையோடு ஒரு வேலையும் கொடுத்தார்கள். வெளியே அவன் லாரி நின்றது. செமிலிங் பாலத்துக்கு ஓட்டு என்றார்கள்.

பின்னால் பரஞ்சோதியையும் நான்கு சிப்பாய்களையும் ஏற்றினார்கள். முருகையா ஒரு கையால் ஓட்டினான். ஓட்டுநர் அறைக்கும் பின்தட்டுக்கும் நடுவே கண்ணாடி உடைந்த ஒரு ஜன்னல். பாதி வழியில் அதன் வழியாக, கேட்கும் காதுப் பக்கமாக, குரல் வந்தது.

"அண்ணே. யாரைக் காப்பாத்துறீங்க?"

முருகையா சாலையைப் பார்த்தபடி ஓட்டினான். துப்பாக்கிக் கட்டையின் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வரவில்லை. பரஞ்சோதிக்கு விளங்கிவிட்டிருந்தது. பாலத்தருகே இறங்கியபோது பார்மோசாக்காரன் எட்ட நான்கடியில்தான் நின்றான். ஒரு வார்த்தை மலாயில் கத்தியிருந்தால் போதும். அவன் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்பது முருகையாவுக்குச் சாகும்வரை தெரியாது.

லயத்து ஆட்களையெல்லாம் ஓட்டிவந்து பாலத்தருகே நிறுத்தியிருந்தார்கள். பரஞ்சோதியின் மனைவி பாப்பம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணை மூடினால் முதுகில் துப்பாக்கிக் கட்டை விழும். குணவதி இரண்டு வரிசை பின்னால். பரஞ்சோதியை மண்டிபோட வைத்து, கழுத்தைக் குனியச் செய்தார்கள். சார்ஜண்ட் வாயிலிருந்த குச்சியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கத்தியை உருவினான். முதல் வெட்டு தோளில் இறங்கியது. இரண்டாவதிலும் முடியவில்லை. மூன்றாவதில்தான் தலை விழுந்தது. பாப்பம்மா குரலெடுத்து அழவில்லை. ஒரு கை மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். தலையைப் பாலத்துக் கழியில் குத்தி வைத்தார்கள். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. அந்தப் பாலத்தின்மேல்தான் முருகையா தினமும் மரவள்ளி ஏற்றிக்கொண்டு போனான், வந்தான்.

முதல் நாள் வீட்டுக்கு வந்தவன் கதவைச் சாத்திவிட்டுக் குணவதியின் முன் நின்றான். அவள் எதையும் மறைக்கவில்லை. சோங்கின் தம்பி பசியோடு கொல்லைக்கு வந்ததைச் சொன்னாள். அரிசி கொடுத்தாளாம், உப்பு கொடுத்தாளாம். தனக்குப் பதில் வேறு ஆள் வந்தால் அடையாளம் வேண்டும் என்று அவன் கேட்டபோது டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாளாம். நீங்கள் அதைத் திறப்பதே இல்லையே என்றாள். முருகையா அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கியது நகமில்லாத கை. அவள் விலகவில்லை. ஓங்கிய கையை இறக்கிவிட்டு, தான் விசாரணையில் சொன்னதை முழுதும் சொன்னான், கேட்காமலே சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் உட்பட. குணவதி கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் காலை அவள் எழுந்து, பாப்பம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்றாள். முருகையா தடுத்தான். பாப்பம்மா வெளியே ஒரு வார்த்தை சொன்னால் நம் இரண்டு தலையும் அந்தக் கழியில்தான் என்றான். குணவதி போனாள். அவனும் பின்னால் போனான்.

பாப்பம்மா வாசலில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். குணவதி அவள் முன் உட்கார்ந்து, காயைக் கொடுத்தது நான் என்றாள். இவர் என்னைக் காப்பாற்ற உன் புருஷனை விட்டுக்கொடுத்தார் என்றாள். வேறு எதுவும் சேர்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

பாப்பம்மா கிழங்கைக் கீழே வைத்தாள். கையிலிருந்த பாராங் கத்தியை ஓங்கி ஒரே வீச்சு வீசினாள். குணவதி தடுக்கத் தூக்கிய முழங்கையில் எலும்புவரை இறங்கியது. இரண்டாவது வீச்சுக்கு ஓங்கியவளின் கையை முருகையா பிடிக்கவில்லை. ஆனால் அந்த வீச்சு இறங்கவில்லை. பாப்பம்மா கத்தியை அப்படியே தலைக்கு மேலே பிடித்தபடி நின்றாள்.

"போங்க," என்றாள். "ரெண்டு பேரும் என் கண்ணுக்கு முன்னால நிக்காம போங்க."

மரவள்ளி வெட்டும்போது பட்டது என்று குணவதி வேலை மேற்பார்க்கும் தண்டலிடம் சொன்னாள். மருந்தில்லாமல் புண் சீழ்ப்பிடித்து, இரண்டு மாதம் கிடந்து பிழைத்தாள். அந்தக் கையை அதன்பிறகு அவளால் மடக்க முடியவில்லை. காட்டுக்காரர்களுக்கு உதவுகிறவர்களைக் காட்டிக்கொடுத்தால் ஒரு மூட்டை அரிசி என்று ஜப்பான்காரன் தண்டோரா போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பாப்பம்மா மரவள்ளித் தோலைக்கூட வேகவைத்துத் தின்றாள். அரிசிக்காக அவள் சார்ஜண்டிடம் போவாள் என்று முருகையா ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தான். பூட்ஸ் சத்தம் கேட்டால் அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொள்வான். அவள் போகவில்லை. அதே லயத்தில், ஒரு சுவருக்கு அந்தப்புறம், அவர்களோடு ஒரு சொல்லும் பேசாமல் இரண்டரை வருஷம் இருந்தாள்.

ஜப்பான்காரன் சரணடைந்ததும் காட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். சோங்கின் தம்பிக்குச் சோறு போட்டவள் என்று குணவதியைத் தேடிவந்து, லயத்து ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் கைகுலுக்கி, ஒரு மூட்டை அரிசி இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். பரஞ்சோதி எதற்காகச் செத்தான் என்பது அன்றைக்குத்தான் லயத்துக்கு வெளிச்சமானது. அதன்பிறகு யாரும் முருகையாவின் லாரியில் ஏறவில்லை. அடுத்த மாதமே அவனும் குணவதியும் அந்தத் தோட்டத்தைவிட்டுக் கிளம்பினார்கள்.

கிளம்பும் முன், மூட்டையைத் திறக்காமல் முருகையா அதைத் தோளில் தூக்கிப்போய்ப் பாப்பம்மா வாசலில் வைத்தான். அவள் வெளியே வந்து மூட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பானையை எடுத்துவந்து, மூட்டை வாயைப் பல்லால் கடித்துப் பிரித்து, பானை நிறைய அரிசியை அள்ளிக்கொண்டாள். அவன் நிற்கும்போதே அடுப்பைப் பற்றவைத்தாள்.